காட்டு ரோட்டில் நாற்பது போதும்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கி, படிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடில் குளத்துப் பறவைகளைப் பற்றிப் பேசினோம். இன்னைக்கு எடுத்துக்கிற விஷயம் நம்ம எல்லாருக்கும் பழக்கமானது: ரோடு. காட்டுக்குள்ளேயும் காட்டை ஒட்டியும் போகிற ரோடு.

ஒரு மரநாயிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னாடி, ஒரு ஐப்பசி மாசம். பொள்ளாச்சியில் வேலையை முடிச்சிட்டு ராத்திரி வால்பாறைக்குத் திரும்பிக்கிட்டிருந்தேன். ஆழியாறிலிருந்து மேலே ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவு. வளைவுகளில் யாரும் வேகமாகப் போக முடியாது, நானும் போகலை. எல்லாம் முடிஞ்சு, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் ரோடு கொஞ்சம் நேராகிற இடம் வரும் பாருங்க, அங்கேதான் காலை அழுத்தினேன். தூறல் விழுந்துக்கிட்டிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடணும், அவ்வளவுதான் மனசில் இருந்தது. ஸ்பீடாமீட்டரில் அறுபது இருந்திருக்கும்.

வலது பக்கத்திலிருந்து ஏதோ ஒண்ணு தரையோடு தரையாக ஓடிவந்தது. பிரேக்கில் கால் வெச்சேன். கால் வெச்சதும் சத்தம் கேட்டதும் ஒண்ணாத்தான் நடந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. ஒரு பையைத் தரையில் போட்ட மாதிரி.

இறங்கி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பழுப்பு மரநாய். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேற எங்கேயும் இல்லாத உயிர். ராத்திரி முழுக்க மரத்தில் ஏறிப் பழம் தின்னும். தின்ன பழத்தின் விதையை வேற இடத்தில் கொண்டுபோய்ப் போடும். ஆனைமலைக் காட்டில் எத்தனையோ மரங்கள் முளைக்கிறதுக்கு அது ஒரு காரணம். இதெல்லாம் எனக்கு அப்பவே தெரியும். ஏன்னா, அப்போ காட்டுயிர் ஆராய்ச்சி செய்கிறவங்களோடு கள உதவியாளராகத்தான் வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிறதையெல்லாம் நோட்டில் குறிச்சு வெச்ச ஆள் நான். அன்னைக்கு ராத்திரி என் நோட்டில் ஒரு வரி கூடிச்சு. தேதி, இடம், இனம். "வாகனம்" என்ற இடத்தில் என் காரைத்தான் எழுதணும்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, இந்த விஷயத்தைப் பேச ஆரம்பிச்சாலே நமக்கு உடனே ஒரு குற்றவாளி கிடைச்சிடுவார். லாரி டிரைவர், டூரிஸ்ட், குடிச்சிட்டு ஓட்டுறவன். நான் அன்னைக்குக் குடிக்கலை, போன் பேசலை, விலங்குகள் மேல அக்கறை இல்லாத ஆளும் இல்லை. வேகம் மட்டும்தான் கொஞ்சம் அதிகம்.

செத்துக் கிடக்கிறது தெரியும், நின்னு போனது தெரியாது

இந்தியாவில் 60 லட்சம் கிலோமீட்டருக்கும் மேலே சாலை இருக்கு. உலகத்தில் பெரிய சாலை வலைப்பின்னல்களில் நம்மோடதும் ஒண்ணு. அது காட்டை என்ன செய்யுதுன்னு கேட்டால், முதலில் நமக்கு ஞாபகம் வர்றது அடிபட்டுச் சாகிற விலங்கு. பேப்பரில் வர்றதும் அதுதான். சிறுத்தை அடிபட்டால் செய்தி, யானை அடிபட்டால் பெரிய செய்தி.

ஆனா மழைக்காலத்தில் ஒரு தடவை விடியற்காலையில் மலை ரோட்டில் நடந்து பாருங்க. கார்லேயோ பைக்லேயோ போனா தெரியாது, நடக்கணும். தவளை, தவளை, தவளை. ராத்திரி மழை பெய்ததும் இணை தேடி, தண்ணி தேடி ரோட்டைக் கடக்க வந்தவை. நடுநடுவே கேடயவால் பாம்பு கிடக்கும். மண்ணுக்குள்ளேயே வாழ்கிற, யாரையும் ஒண்ணும் செய்யாத பாம்பு. சில சமயம் மண்புழு மாதிரியே இருக்கிற சிசிலியன் கிடக்கும். அது புழு இல்லை, தவளைக்குச் சொந்தக்காரன், கால் இல்லாத நீர்நில வாழ்வி. காலை எட்டு மணிக்கு மேல இதில் பாதி இருக்காது. காக்கா கொத்திட்டுப் போயிருக்கும், இல்லைன்னா அடுத்தடுத்த டயர் தேய்ச்சுத் தாரோட தாராக்கிடும். அதனால்தான் நாம "இந்த ரோட்டில் ஒண்ணும் அடிபடறதில்லையே"ன்னு நிஜமாவே நம்பறோம்.

அடுத்தது, ரோடு விலங்குகளைத் தன்கிட்ட இழுக்கும். பகல் வெயிலில் சூடான தார் ராத்திரியும் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக இருக்கும். பாம்பு அந்தச் சூட்டுக்கு வந்து படுக்கும். பக்கிப் பறவை ரோட்டில்தான் உட்கார்ந்திருக்கும், ஹெட்லைட்டில் அதன் கண் சிவப்பாக மின்னும். ஓரத்துப் புதரை வெட்டினால் இளம்புல் முளைக்கும், அதை மேய மான் வரும். லாரியிலிருந்து சிந்தின தானியத்துக்கு எலி வரும், எலிக்கு ஆந்தை வரும். நாம ஜன்னல் வழியாகப் போடுற சிப்ஸுக்கும் வாழைப்பழத்துக்கும் குரங்கு வரும். ஒண்ணு அடிபட்டால் அதைத் தின்ன வர்ற கீரியும் காக்காவும் அடுத்ததாக அடிபடும்.

மூணாவது விஷயம் கண்ணுக்கே தெரியாது. ரோடு ஒரு சுவர். வண்டி வந்துக்கிட்டே இருக்கிற ரோட்டை நிறைய விலங்குகள் கடக்கவே முயற்சி செய்யாது. வரும், நிக்கும், திரும்பிப் போயிடும். நாகர்ஹொளெயில் இதைக் கேமரா வெச்சுப் பார்த்தாங்க. ஒரே காட்டில், வண்டி ஓடுகிற பகுதியின் ஓரத்தையும் வண்டியை நிறுத்தின பகுதியின் ஓரத்தையும் ஒப்பிட்டால், வண்டி ஓடுகிற பக்கம் பெரிய விலங்குகளின் நடமாட்டம் குறைவு. அங்கே ஒண்ணும் செத்துக் கிடக்கலை. ஆனா அந்த ஓரத்து மேய்ச்சலும், அந்தப் பக்கத்துத் தண்ணியும் அதுங்களுக்கு இல்லாமல் போயிடுச்சு. இந்தப் பக்கம் இருக்கிற கூட்டமும் அந்தப் பக்கம் இருக்கிற கூட்டமும் கலக்காமல் போனால், சின்னக் காட்டுத் துண்டில் மாட்டிக்கிட்ட கூட்டம் சொந்தத்துக்குள்ளேயே பெருகிப் பலவீனமாகும். இதை எந்த நோட்டில் எழுதுறது? எழுதவே முடியாது.

மலை ரோட்டில் இதுக்கு இன்னொரு காரணமும் சேருது. மேல் பக்கம் மண் சரியாமல் இருக்க நட்டமாகக் கட்டுற தடுப்புச்சுவர், கீழ்ப் பக்கம் கைப்பிடிச் சுவர், ஓரத்தில் செங்குத்தான கான்கிரீட் வாய்க்கால். யானைக் குட்டியால் அந்தச் சுவரில் ஏற முடியாது. வாய்க்காலுக்குள் விழுந்த தவளையும் ஆமையும் வெளியே வர முடியாது. ரோட்டுக்குள் வந்த விலங்கு வெளியே போக வழி தேடி ரோட்டிலேயே ஓடும்.

வேகத்தின் கணக்கு

இப்போ ஒரு சின்னக் கணக்கு. என் கதையோட சம்பந்தப்பட்டது.

மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். 40-ல் போனால் 11 மீட்டர். எதிரில் ஒண்ணு வருதுன்னு கண் பார்த்து, மூளைக்குப் புரிஞ்சு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும்னு வெச்சுக்குங்க. 80-ல் அதுக்குள்ளேயே 33 மீட்டர் போயாச்சு, பிரேக் இன்னும் பிடிக்கவே ஆரம்பிக்கலை. 40-ல் 17 மீட்டர்.

அப்புறம் பிரேக் பிடிச்சு வண்டி நிக்கிற தூரம். வேகம் இரண்டு மடங்கானால் இந்தத் தூரம் நாலு மடங்காகும். காய்ந்த ரோட்டில் 40-க்குச் சுமார் 9 மீட்டர், 80-க்குச் சுமார் 35. ரெண்டையும் கூட்டுங்க. 40-ல் போனால் 26 மீட்டரில் நிக்கலாம். 80-ல் போனால் கிட்டத்தட்ட 70 மீட்டர் வேணும். ஈர ரோடு, பாரம் ஏத்தின லாரின்னா இன்னும் கூடும்.

டிம் லைட்டில் உங்களுக்கு எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரியும்? நாற்பது ஐம்பது மீட்டர். அப்போ 80-ல் போகிறவர் எவ்வளவு நல்ல டிரைவராக இருந்தாலும், பார்த்த பிறகு நிறுத்த முடியாது. விலங்குக்கும் இதே கஷ்டம்தான். மானோ மரநாயோ தன்னைத் துரத்துற மிருகத்தோட வேகத்தைக் கணிக்கப் பழகினது. எண்பதில் வர்ற வெளிச்சத்தை அதால் கணிக்க முடியாது. கண் கூசி அப்படியே நின்னுடும்.

அதனால், செலவில்லாத மருந்து எதுன்னு என்கிட்ட கேட்டால், காட்டு ரோட்டில் நாற்பது. போர்டு வெச்சால் மட்டும் யாரும் குறைக்க மாட்டாங்க, நானே குறைக்கலையே. விலங்குகள் வழக்கமாகக் கடக்கிற இடமாகப் பார்த்து வேகத்தடை போட்டால் குறைப்போம். ரோட்டை அகலமாக்கி, வளைவை நிமிர்த்தி, வழவழன்னு போட்டுட்டுப் பக்கத்தில் "மெதுவாகச் செல்லவும்"னு எழுதினால், கால் எதைக் கேட்கும்? ரோட்டைத்தான் கேட்கும்.

மேலே ஒரு வழி

வால்பாறைக்காரன் என்பதால் எனக்குப் பிடிச்ச தீர்வைச் சொல்றேன். புதுத்தோட்டம் பக்கம் போயிருந்தால் சோலைமந்தியைப் பார்த்திருப்பீங்க. சிங்கவால் குரங்குன்னும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்கிற குரங்கு. இயல்பாக அது தரைக்கு அதிகம் வராது, மரத்துக்கு மரம்தான் போகும். ஒரு தாய்க்கு ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு குட்டிதான். அதனால் ஒரு பெண் குரங்கு அடிபட்டால் அந்த இழப்பை ஈடுகட்ட அந்தக் கூட்டத்துக்கு ரொம்ப நாள் ஆகும்.

காட்டை வெட்டித் தேயிலை போட்டு, நடுவில் ரோடு போட்டு, ரோட்டின் மேல் கிளைகள் தொட்டுக்கிட்டிருந்த இடமெல்லாம் போன பிறகு, அதுங்க கீழே இறங்கித்தான் ரோட்டைக் கடக்கணும். அடிபட்டது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆட்கள் என்ன செஞ்சாங்கன்னா, தீயணைப்பு வண்டியில் பயன்படுத்தித் தூக்கிப்போட்ட பழைய ஹோஸ் குழாய்களைப் பின்னி, ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலமாகக் கட்டினாங்க. குரங்குக் கூட்டம் ரோட்டுக்கு வர்ற நேரத்தில் உள்ளூர் ஆட்களைக் கண்காணிப்பாளர்களாக நிறுத்தி, வண்டிகளை மெதுவாக்கச் சொன்னாங்க. குரங்கு பாலத்தைப் பழகிக்கிச்சு. குட்டியை வயித்தில் கட்டிக்கிட்டுத் தாய் மேலே போகும், கீழே பஸ் போகும். நான் நின்னு பார்த்திருக்கேன்.

சமவெளியிலும் இதே கதை உண்டு. திண்டுக்கல், கரூர் பக்கத்துக் காடுகளில் தேவாங்கு இருக்கு. 2022-ல் கடவூரில் 11,806 ஹெக்டேரில் தேவாங்கு சரணாலயம் அறிவிச்சாங்க, இந்தியாவிலேயே தேவாங்குக்குன்னு முதல் சரணாலயம். தேவாங்குக்குத் தாவத் தெரியாது. ஒரு கிளையைப் பிடிச்சுக்கிட்டே அடுத்த கிளைக்குக் கையை நீட்டும், எட்டினால்தான் போகும். எட்டலைன்னா கீழே இறங்கி, மெதுவாக நடந்து ரோட்டைக் கடக்கணும். ரோட்டின் ரெண்டு பக்கமும் நம்ம தாத்தா காலத்துப் புளியமரங்கள் மேலே கைகோத்துக்கிட்டிருக்கும் பாருங்க, தேவாங்குக்கு அது பாலம். நாலு வழிச் சாலைக்காக அந்த மரங்களை வெட்டும்போது "அதுக்குப் பதிலா பத்துக் கன்று நடறோம்"னு சொல்வாங்க. பத்துக் கன்றும் வளர்ந்து கிளை தொடறதுக்குள்ளே எத்தனை தலைமுறைத் தேவாங்கு போயிருக்கும்?

இருக்கிற மரத்தை விட்டுவைக்கிறதுதான் மேல்பாலங்களிலேயே மலிவானது. அது முடியாத இடத்தில்தான் ஹோஸ் குழாயும் கயிறும்.

கீழே ஒரு வழி

பெரிய விலங்குகளுக்குக் கீழ்ப்பாலம். நம்ம நாட்டில் எல்லாரும் காட்டுற உதாரணம் பெஞ்ச். நாக்பூரிலிருந்து சிவனி போகிற தேசிய நெடுஞ்சாலை 44, கான்ஹா – பெஞ்ச் புலிகள் நடமாடுற வழித்தடத்தை வெட்டிக்கிட்டுப் போகுது. அதை நாலு வழியாக்கும்போது பெரிய சட்டப் போராட்டம் நடந்தது. கடைசியில் மகாராஷ்டிரப் பகுதியில் விலங்குகள் போறதுக்காக 9 அமைப்புகள் கட்டினாங்க. அதில் பெரியது 750 மீட்டர் நீளம். அதாவது ரோட்டை அவ்வளவு தூரம் தூணில் தூக்கிட்டாங்க, கீழே காடு காடாகவே இருக்கு. இந்திய வனஉயிரின நிறுவனம் 2019-ல் அதுக்கடியில் கேமரா வெச்சுப் பார்த்ததில் 18 வகை விலங்குகள் போய்வந்தது பதிவாச்சு. 11 புலிகள் மொத்தம் 89 தடவை அந்த வழியில் போயிருக்கு.

கட்டி முடிச்ச மறுநாளே எல்லா விலங்கும் வந்துடாது. கனடாவில் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலைக்கு வேலி போட்டு, மேலேயும் கீழேயும் நாற்பதுக்கு மேற்பட்ட கடவைகள் கட்டினாங்க. பெரிய விலங்குகள் வண்டியில் மோதுறது 80 சதவீதத்துக்கும் மேல் குறைஞ்சது. ஆனா அங்கே கிரிஸ்லி கரடிகள் பழகவே சில வருஷம் ஆச்சு. அதனால் ஒரு வருஷம் பார்த்துட்டு "பாலம் வேஸ்ட்"னு எழுதிடக் கூடாது.

எல்லாத்துக்கும் கோடிக்கணக்கில் பணம் வேணும்னும் இல்லை. உத்தராகண்டில் காலாடூங்கி – நைனிடால் ரோட்டில் 2020-ல் பல்லி, பாம்பு போறதுக்காக மூங்கில், சணல், புல் வெச்சு 90 அடிக்கு ஒரு பாலம் கட்டினாங்க. அதைவிடச் சுலபமானது நம்ம ரோடுகளுக்கு அடியில் ஏற்கெனவே இருக்கிற மதகு. மழைத்தண்ணி போகக் கட்டின குழாயைக் கொஞ்சம் அகலமாக, சதுரமாக, உள்ளே ஒரு ஓரம் நனையாமல் மண் திட்டோடு கட்டினால் கீரி, உடும்பு, முள்ளம்பன்றி எல்லாம் அதில் போகும். வாய்க்காலின் ஒரு பக்கத்தைச் சரிவாகக் கட்டினால் தவளை ஏறி வந்துடும். தடுப்புச்சுவரில் நடுநடுவே இடைவெளி விட்டால் யானை இறங்கும். ஆனா இதெல்லாம் ரோட்டுக்கு வரைபடம் போடும்போதே சொல்லணும். போட்ட பிறகு சொன்னால் எந்த இன்ஜினியரும் உடைக்க மாட்டார், உடைக்கக் காசும் இருக்காது. வனஉயிரின நிறுவனம் 2016-லேயே இதுக்கெல்லாம் விரிவான கையேடு வெளியிட்டிருக்கு.

ராத்திரியை விட்டுக்கொடுக்கிறது

இப்போ கஷ்டமான இடத்துக்கு வர்றேன். பாலம் எதுவும் கட்டாமல், ஒரு மரமும் நடாமல் உடனே பலன் தர்றது ராத்திரிப் போக்குவரத்தை நிறுத்துறது. ராத்திரி ஊருக்கும் காட்டுக்கும் நடுவில் நேரத்தைப் பிரிச்சுக்கிறது. பகல் நமக்கு, ராத்திரி அதுங்களுக்கு.

பந்திப்பூரில் 2009-லிருந்து ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் வண்டிகளுக்குத் தடை. ஊட்டியிலிருந்து முதுமலை வழியாக மைசூர் போறவங்களுக்கு இது பழகிப்போன விஷயம், எட்டு மணிக்கே அவசர அவசரமாகக் கிளம்புவாங்க. அதே தடை வயநாடு போகிற ரோட்டிலும் இருக்கு. அதை நீக்கச் சொல்லி 2019-ல் சுல்தான் பத்தேரியில் பெரிய போராட்டமே நடந்தது.

நம்ம பக்கம் திம்பம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள்ளே, பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவு ஏறுகிற தேசிய நெடுஞ்சாலை 948. கோயம்புத்தூருக்கும் மைசூருக்கும் பெங்களூருக்கும் லாரிகள் போகிற வழி. 2012-க்கும் 2021-க்கும் நடுவில் அங்கே 8 சிறுத்தை உட்படச் சுமார் 150 விலங்குகள் அடிபட்டிருக்கு. 2019-லேயே மாவட்ட ஆட்சியர் ராத்திரித் தடை அறிவிச்சிருந்தார், நடைமுறைக்கு வரலை. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை அமல்படுத்தச் சொன்னது. கனரக வண்டிகளுக்குச் சாயங்காலம் 6-லிருந்து காலை 6 வரை, இலகு வண்டிகளுக்கு ராத்திரி 9-லிருந்து காலை 6 வரை. ஆம்புலன்ஸ், அரசுப் பேருந்து மாதிரி அவசியமானவற்றுக்கு விலக்கு.

அந்த உத்தரவு வந்த அன்னைக்கு எனக்குச் சந்தோஷம். மறைக்க ஒண்ணுமில்லை, இனிப்பு வாங்கிச் சாப்பிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு ஆசனூரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மேலே தாளவாடிப் பக்கம் கடையடைப்பு, மறியல் எல்லாம் நடந்த சமயம். பக்கத்தில் ஒரு பெரியவர், தக்காளி விவசாயி. நான் என்ன வேலை செய்யறேன்னு கேட்டார், சொன்னேன்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அப்பாரு காலத்துல இருந்து இங்கதான் இருக்கறோம். யானையும் இங்கதான் இருக்குது. அந்தச் சிறுத்தை எங்க டெம்போவுலயா அடிபட்டுது?"

"தெரியலீங்கய்யா."

"எனக்குத் தெரியுமுங்க. ராவெல்லாம் எங்க ஊரு வழியா வர்ற லாரிக எங்கிருந்தோ வந்து எங்கியோ போகுது. ஒண்ணுமே எங்களுக்கு இல்லீங்க. தக்காளி பறிச்சுப் பெட்டி கட்டறதுக்கே பொழுது சாஞ்சிரும். விடியக்காலம் மார்க்கெட்டுல இறக்கோணும். கேட்டைச் சாத்துனா அவனுக்கும் எனக்கும் சேத்துத்தானுங்களே சாத்தறாங்க? அவன் சுத்திப் போயிருவான். நான் எங்கீங்க சுத்தறது?"

எனக்குப் பதில் இல்லை. டீ ஆறிப்போச்சு. அவரே காசு கொடுத்துட்டுப் போயிட்டார்.

நான் இன்னைக்கும் அந்தத் தடை சரின்னுதான் நினைக்கிறேன். ஆனா அவர் கேட்டதுக்கு அப்புறம் அதைச் சொல்ற விதம் மாறிப்போச்சு. காட்டைக் குறுக்கே வெட்டிக்கிட்டுப் போகிற போக்குவரத்தும், காட்டுக்குள்ளேயே வாழ்கிறவங்களோட போக்குவரத்தும் ஒண்ணு இல்லை. ராத்திரி பூரா வரிசையாக ஓடுற லாரிகள்தான் அந்தச் சுவரைக் கட்டுது. ஒரு ஊர்க்காரரோட டெம்போ ரெண்டு தடவை மெதுவாகப் போனால் சுவர் உண்டாகாது. தாளவாடி மக்கள் போராடினதில், பிறகு உள்ளூர்க்காரங்களுக்குத் தளர்வு கிடைச்சது. கிடைச்சது நியாயம். அது முதல் நாளே இருந்திருந்தால் மறியலும் இருந்திருக்காது, "விலங்குக்காக மனுஷனைக் கொல்றாங்க"ன்ற பேச்சும் வந்திருக்காது. அந்தப் பேச்சு ஒரு தடவை ஊருக்குள் போயிட்டால் திரும்ப எடுக்கிறது ரொம்பக் கஷ்டம். யானை வயலுக்குள் வர்ற ஊர் அது. அந்த மக்களோட பொறுமையில்தான் அந்தக் காடு நிக்குது.

இந்த விஷயத்தில் நாகர்ஹொளெயைத்தான் பார்க்கணும். மைசூர் – மானந்தவாடி ரோட்டில் காட்டுக்குள் போன ஒரு பகுதியை மூடினாங்க. ஆனா சும்மா மூடலை, காட்டுக்கு வெளியே மாத்து ரோட்டைச் சீர்செஞ்சு கொடுத்தாங்க. மாத்து ரோடு காட்டை ஒட்டின கிராமங்களுக்கும் பயன்பட்டது. ரோட்டை எடுக்கச் சொல்றவங்க, மாத்து வழியையும் சேர்த்துக் கேட்கணும்.

நாம என்ன செய்யலாம்?

கடைசியாக, நீங்களும் நானும் செய்யக்கூடியது. நாலே விஷயம்.

காட்டு ரோட்டில் நாற்பது. பொழுது சாயறதுக்குள்ளே இறங்கிடுற மாதிரி பயணத்தைத் திட்டம் போடுங்க. வாடகை வண்டி எடுத்தால் டிரைவரிடம் கிளம்பும்போதே, "அண்ணா, நமக்கு அவசரம் ஒண்ணும் இல்லை"ன்னு சொல்லிடுங்க. பெரும்பாலும் அவர் நம்ம அவசரத்துக்காகத்தான் அழுத்துறார்.

ஜன்னல் வழியாக எதையும் போடாதீங்க. குரங்குக்கு ஆசையாகக் கொடுக்கிற ஒரு பழம், அதை ரோட்டோரத்திலேயே குடியிருக்க வெச்சிடும்.

அடிபட்டதைப் பார்த்தால், பாதுகாப்பாக வண்டியை ஓரம் கட்ட முடிஞ்சால் மட்டும், போட்டோ எடுத்து இடத்தோடு ஐநேச்சுரலிஸ்ட்டில் போடுங்க. பாம்பு தவளையா இருந்தாலும் போடுங்க. எந்த இடத்தில் வேகத்தடை வேணும், எந்த இடத்தில் மதகை அகலப்படுத்தணும்னு கேட்கப் போகும்போது அந்தப் பதிவுகள்தான் கையில் இருக்கிற ஆதாரம். உயிரோட இருந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்க.

நாலாவது, உங்க ஊர்ப் பக்கம் ரோட்டை அகலப்படுத்தப் போறாங்கன்னு கேள்விப்பட்டால், மரத்தில் எண் போடும்போதே போய்க் கேளுங்க. எந்த மரங்கள் மேலே தொட்டுக்கிட்டிருக்கு, மதகு எங்கே வருது, வாய்க்காலுக்குச் சரிவு இருக்கா? கேட்கிறதுக்கு விலங்கியல் படிச்சிருக்க வேண்டியதில்லை. அந்த ரோட்டில் தினம் போகிறவங்களுக்கு எது எங்கே கடக்கும்னு படிச்சவங்களைவிட நல்லாவே தெரியும். அந்தப் பெரியவரைக் கேட்டிருந்தால் திம்பத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் சொல்லியிருப்பார்.

அந்த மரநாயைத் தேயிலைச் செடிக்கு அடியில் எடுத்துவெச்சேன். கையில் எடுத்தபோது சூடாகத்தான் இருந்தது. இப்பவும் அந்த இடத்தைத் தாண்டும்போது பின்னாடி வர்ற வண்டி ஹார்ன் அடிக்கும், சிலர் ஜன்னலை இறக்கித் திட்டிட்டும் போவாங்க. வழி விட்டுடுவேன். நாற்பதைத் தாண்டுறதில்லை.

அடுத்த எபிசோடில் மழைக்காலத் தவளைகளின் குரலைக் கேட்கப் போறோம். உங்க ஊர் ரோட்டில் எது எங்கே கடக்குதுன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க, அதையும் சேர்த்துப் பேசுவோம். பத்திரமாகப் போயிட்டு வாங்க.